ஹீட்டர அப்புறம் பாருங்க, மொதல்ல காத்த மாத்துங்க: தோல் ஷெட் கேள்வி-பதில்

முடியோட விக்கற மிருகத் தோல (ஃபர்) காய வைக்கற ஷெட்ட பத்தி இந்த தடவ வந்த கேள்வி எல்லாமே ஒரே ஷெட்டுல இருந்து வந்த மாதிரி இருக்கு. தோல் காயல, காஞ்சது வெறச்சுப் போச்சு, முடி கையோட வருது, பூஞ்ச புடிக்குது, எல்லாத்துக்கும் கீழ இருக்கறது ஈரப்பதம்தான். அதனால மத்த கேள்விய ஓரமா வச்சுட்டு முழுசா இத மட்டும் எடுத்துக்கறேன். சட்டம் அனுமதிக்கிற மிருகம், அனுமதிக்கிற சீசன், கையில லைசென்ஸ், இது மூணும் இருக்குன்னு வச்சுத்தான் பதில் சொல்றேன், இல்லாதவங்க அடுத்த பக்கத்துக்கு போயிடுங்க.

கேள்வி: என் ஷெட் 3 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 2.5. சதை வழிச்ச 12 ரக்கூன் தோல ஒரே நாள்ல, விரிச்சு காய வைக்கற பலகையில ஏத்தி மாட்டிட்டேன். ஈரப்பத மீட்டர் 78% காட்டுச்சு. பயந்து போய் ஹீட்டர ஃபுல்லா வச்சேன், 28 டிகிரி வரைக்கும் போச்சு, மீட்டரும் 50க்கு கீழ எறங்குச்சு, சரி பொழச்சோம்னு தூங்கப் போயிட்டேன். ரெண்டாம் நாள் பாத்தா வெளிப்பக்கம் கட்டை மாதிரி இருக்கு, ஆனா அக்குள்லயும் வால் அடியிலயும் தொட்டா பிசுபிசுங்குது, வயித்துல முடி கொத்தா வருது. ஈரப்பதம் எவ்வளவுதான் வைக்கணும்?
— முதல் சீசன்லயே அடி வாங்குனவன்

பதில்: நம்பர் கேட்டீங்க, அத மொதல்ல தந்துடறேன். வெப்பம் 13ல இருந்து 18 டிகிரி, ஈரப்பதம் 50ல இருந்து 60 சதவீதம். இதுக்குள்ள இருந்தா பெரும்பாலான தோல் ஒழுங்கா காயும். ஆனா இந்த நம்பர மட்டும் எழுதி செவுத்துல ஒட்டிக்கிட்டா அடுத்த வருஷமும் இதே கேள்விய எழுதுவீங்க, ஏன்னா உங்க மீட்டரும் 50க்கு கீழதான் காட்டுச்சு, அப்பவும் தோல் போச்சே.

என்ன நடந்துச்சுன்னா, ஹீட்டர் போட்டதும் மீட்டர்ல நம்பர் எறங்குச்சு, ஆனா ஷெட்டுல இருந்து ஒரு சொட்டு தண்ணி கூட வெளிய போகல. சூடான காத்தால அதிக தண்ணிய தாங்க முடியும், அதனால அதே தண்ணி சதவீதக் கணக்குல கம்மியா தெரியும், அவ்ளோதான். கணக்கா சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க, இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். 15 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து முழுசா நெறஞ்சா 13 கிராம் தண்ணிதான் தாங்கும். உங்க ஷெட் 30 கன மீட்டர். அப்போ மொத்த ஷெட் காத்தும் சேந்து தாங்கறதே 400 கிராம் கிட்டத்தான். அதுல பாதி ஏற்கனவே இருக்கு, அதாவது 50 சதவீதம்னா 200 கிராம் உள்ள இருக்கு, இன்னும் 200 கிராம்தான் எடம். பச்சைத்தோல்ல மூணுல ரெண்டு பங்கு கிட்ட தண்ணி, காஞ்ச தோல்ல நூத்துக்கு 12, 15 பங்குதான். ஒரு தோல் கால் லிட்டர் தண்ணி விடும்னு சும்மா ஒரு கணக்குக்கு வச்சுக்குங்க, 12 தோலுக்கு 3 லிட்டர் ஆச்சு. 200 கிராம் எடம் இருக்கற அறையில 3 லிட்டர் தண்ணிய அவுத்து விட்டா அது எங்க போகும்? எங்கயும் போகாது, செவுத்துலயும் கூரையிலயும் ஏறி திரும்ப தோல்லயே வந்து உக்காரும்.

இன்னொரு கணக்கும் பாத்துடுங்க. உள்ள வர்ற காத்து 50 சதவீதம், வெளிய போறது 60 சதவீதம்னு ஓட்டுனா ஒவ்வொரு தடவ காத்து முழுசா மாறும்போதும் 40 கிராம் தண்ணிதான் கூட போகும். 3 லிட்டர் போக 75, 80 தடவ மாறணும். மூணு நாளைக்கு 72 மணி நேரம், ஆக மணிக்கு ஒரு தடவைக்கு கொஞ்சம் மேல ஷெட் காத்து மொத்தமா மாறணும். கூரை ஓரமா ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர் செவுத்துல கீழ ஒரு காத்து வழி, இது போதும், பெருசா செலவு பண்ண வேண்டியதில்ல. ஆனா இது இல்லாம ஹீட்டர் மட்டும் போடறது, ஈரத் துணிய பூட்டுன அறைக்குள்ள கொடியில போட்டுட்டு அறைய சூடாக்கற மாதிரி.

சரி, முடி ஏன் வந்துச்சு? தோலோட மேல் பரப்பு சூட்டுல சீக்கிரமா காஞ்சு இறுகிடுச்சு, உள்ள இருக்கற தண்ணி வெளிய வர்ற வழிய அதுவே அடச்சிடுச்சு. உள்ள ஈரம், வெளிய 28 டிகிரி சூடு, பாக்டீரியாவுக்கு இத விட நல்ல வீடு கெடையாது. அது முடி வேர் இருக்கற எடத்துல வேலைய ஆரம்பிக்கும், முடி தானா கழண்டு வரும். அதோட ரக்கூன்ல கொழுப்பு ஜாஸ்தி, எவ்ளோ வழிச்சாலும் சூடு பட்டா எண்ணெயா வெளிய வரும், அது தோல்லயே ஊறி வெந்து மஞ்சளா பழுப்பா ஆயிடும், அந்த எடம் பதனிடும்போது கிழியும். நானும் ஆரம்பத்துல இதே தப்ப பண்ணி எட்டு ரக்கூன் தோல தூக்கிப் போட்டவன்தான், அதனால திட்டல.

முடி வந்த தோல சரி பண்ண முடியாது, அந்த ஆசைய விட்டுடுங்க. மிச்சத்துக்கு ஹீட்டர 15க்கு எறக்குங்க, எக்ஸாஸ்ட ஓட விடுங்க, எண்ணெய் கசியற எடத்த காஞ்ச துணியால தினம் ரெண்டு வேளை துடைங்க, அக்குளையும் வால் அடியையும் விரிச்சு விட்டு காத்து படற மாதிரி வைங்க. வால முழுசா கீறி விரிச்சீங்களா? இல்லன்னா அதான் மொதல்ல அழுகும். அடுத்த தடவ 12ஐயும் ஒரே நாள்ல ஏத்தாதீங்க, நாலு நாலா ஏத்துங்க, மிச்சத்த ஃப்ரீஸர்ல வைங்க. பாதி காஞ்ச தோலுக்கு பக்கத்துல புதுசா பச்சைத்தோல மாட்டறதும் கூடாது, புதுசு விடற ஈரத்த பாதி காஞ்சது குடிச்சுக்கும், ரெண்டு நாள் உழைப்பு போயிடும்.

கேள்வி: ஷெட் காத்து மாறணும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா வெளிய ஒரு வாரமா மழை, என் மீட்டர வெளிய வச்சா 95% காட்டுது. அந்த காத்த உள்ள விட்டா தோல் நனையாதா? ஜன்னல தொறக்கவா மூடவா?
— மழையில மாட்டிக்கிட்டவர்

பதில்: வெளிய எத்தன டிகிரின்னு நீங்க எழுதவே இல்ல பாருங்க, அதுதான் முக்கியம். வெளிய 5 டிகிரி, 95% ஈரப்பதம்னு வைங்க. அந்த காத்துல கன மீட்டருக்கு ஆறரை கிராம் தண்ணிதான் இருக்கு. அத உள்ள இழுத்து 15 டிகிரிக்கு சூடு பண்ணா ஈரப்பதம் 50 சதவீதம் ஆயிடும், மழை பேஞ்சாலும் சரி. தாராளமா தொறங்க, மழைத்தண்ணி நேரா உள்ள அடிக்காம மட்டும் பாத்துக்குங்க. இதுவே வெளிய 22 டிகிரி, 80% புழுக்கம்னா அந்த காத்துல பதினஞ்சரை கிராம் இருக்கு, உங்க 15 டிகிரி ஷெட் தாங்கறதே 13தான், மீதி எல்லாம் தோல் மேலயும் செவுத்து மேலயும் பனியா எறங்கும். அப்ப இறுக்கி மூடணும். மழையா வெயிலான்னு பாக்கறத விட்டுட்டு வெளிய ஷெட்ட விட குளிரா இருக்கா புழுக்கமா இருக்கான்னு பாருங்க. சீசன் ஆரம்பத்துல திடீர்னு வர்ற அந்த சூடான நாள்லதான் பாதி பேர் தோல கெடுக்கறாங்க, நல்ல வெயிலா இருக்கேன்னு கதவ ஆவுன்னு தொறந்து வச்சு.

கேள்வி: கேஸ் ஹீட்டர் வச்சிருக்கேன், புகைக்குழாய் கெடையாது, சின்னதுதான். காலைல ஷெட்டுக்குள்ள போனா ஜன்னல்ல தண்ணி வழியுது. ஹீட்டர் ஓடுனா காயத்தானே செய்யணும்?
— ஜன்னல் அழுகுது

பதில்: உங்க ஹீட்டரே ஷெட்டுக்குள்ள தண்ணி ஊத்துது. புரோப்பேன் கேஸ் ஒரு கிலோ எரிஞ்சா ஒண்ணே முக்கால் கிலோவுக்கு கொஞ்சம் கம்மியா தண்ணி ஆவியா வரும், நம்ப முடியாது ஆனா கெமிஸ்ட்ரி அப்படித்தான். மண்ணெண்ண ஹீட்டரும் எரியற எடைய விட அதிகமாவே தண்ணி விடும். மேல சொன்ன கணக்குல 30 கன மீட்டர் ஷெட்டுக்கு 200 கிராம்தான் எடம்னு பாத்தோம், உங்க ஹீட்டர் ஒரு ராத்திரியில அத பல மடங்கு நெரப்பிடும். இது போக மூடுன ஷெட்டுல கார்பன் மோனாக்சைடு வேற, வாசனையே இருக்காது, ஆள கொன்னுடும். தோல் போனா போகுது. புகை வெளிய போற ஹீட்டர் வாங்குங்க, இல்ல கரண்ட் ஹீட்டர் வைங்க. இதுல வேற கருத்துக்கே எடம் கெடையாது.

கேள்வி: பகல்ல 18 டிகிரி 55%னு கச்சிதமா வச்சிருக்கேன், கரண்ட் செலவுக்காக ராத்திரி ஹீட்டர அணைச்சிடுவேன். சாயங்காலம் மொடமொடன்னு இருந்த தோல் காலைல தொளதொளன்னு இருக்கு. ஏன்?

பதில்: 18 டிகிரி 55%ல இருக்கற காத்துல எட்டரை கிராம் தண்ணி. ராத்திரி 8 டிகிரிக்கு எறங்குனா காத்து தாங்கறது 8.3 கிராம். அதாவது நூறு சதவீதம் ஆகி மேல வழியுது. ஒவ்வொரு ராத்திரியும் நீங்க தோல நனைக்கறீங்க, ஒவ்வொரு பகலும் திரும்ப காய வைக்கறீங்க. பகல்ல 18 வேணாம், ராத்திரி பகல் ரெண்டுக்கும் 13, 14ல நிறுத்துங்க, செலவும் பெருசா ஏறாது. ஒரு மாதிரி சீரா இருக்கறதுதான் தோலுக்கு புடிக்கும்.

கேள்வி: எங்க நெலம தலைகீழ். வெளிய மைனஸ் 10, ஷெட்டுல மீட்டர் 18% காட்டுது. மஸ்க்ராட் (தண்ணியில வாழற பெரிய எலி மாதிரி மிருகம்) தோல் ஒரே நாள்ல காஞ்ச சருகு மாதிரி ஆகி மடக்குனா விரிசல் விடுது. தண்ணி சட்டி வைக்கலாமா?
— குளிர்ல காயறவர்

பதில்: வைக்கலாம், ஆனா அது கடைசி வேலை. மைனஸ் 10ல இருக்கற காத்துல தண்ணியே இல்ல, அத 15 டிகிரிக்கு சூடு பண்ணா 12, 13 சதவீதத்துக்கு வந்து நிக்கும். நீங்க எவ்ளோ காத்த மாத்தறீங்களோ அவ்ளோ வறண்டு போகும். அதனால உங்களுக்கு நான் மேல சொன்னதுக்கு நேர் எதிரா சொல்றேன், எக்ஸாஸ்ட நிறுத்துங்க, காத்து வழிய முக்காவாசி மூடுங்க. தோல்ல இருந்து வர்ற ஈரமே ஷெட்ட ஈரமாக்கும், வெளிய தொரத்தாம இருந்தா போதும். ஹீட்டர ரெண்டு மூணு டிகிரி எறக்குங்க. இவ்ளோ பண்ணியும் 40க்கு மேல ஏறலன்னா அகலமான தட்டுல தண்ணி வைங்க, ஆழமான சட்டி வேணாம், தண்ணி ஆவியாகறது மேல் பரப்புலதான். ஈரத் துணி ஒண்ணு தொங்க விட்டா இன்னும் வேகமா வேல செய்யும், தோல் மேல படாம. ஏற்கனவே சருகானத மடக்கவே மடக்காதீங்க, ஷெட் ஈரப்பதம் 55, 60க்கு வந்ததும் ஒரு நாள் அப்படியே விட்டா கொஞ்சம் எளகும்.

கேள்வி: காத்துல இருக்கற ஈரத்த எடுக்கற டீஹியூமிடிஃபையர் மெஷின் வாங்கி ஷெட்டுல வச்சேன், ரெண்டு மணி நேரத்துல காயில் முழுக்க ஐஸ் கட்டிடுச்சு, தண்ணியும் சேரல. ஓட்ட மெஷின குடுத்துட்டாங்களா?

பதில்: மெஷின் நல்லாத்தான் இருக்கும், ஷெட்தான் அதுக்கு குளிர். கம்ப்ரஸர் வச்ச டைப் காயில குளிர வச்சு அதுல தண்ணிய பிடிக்கற மெஷின், அறை 15 டிகிரிக்கு கீழ போனா காயில் உறைஞ்சு ஐஸ் கட்டும், அப்புறம் அந்த ஐஸ உருக்கறதுலயே நேரம் போகும். டப்பா மேல ஒரு நாளைக்கு இத்தன லிட்டர்னு போட்டிருக்கறதும் பெரும்பாலும் சூடான புழுக்கமான அறையில அளந்த கணக்கு, நம்ம ஷெட்டுக்கு அதுல பாதி கூட வராது. குளிர் ஷெட்டுக்கு டெசிகன்ட் டைப்னு ஒண்ணு இருக்கு, உள்ள ஈரம் உறிஞ்சற சக்கரம் சுத்தும், அது 5 டிகிரியிலயும் வேல செய்யும். ரெண்டுல எதுவா இருந்தாலும் ஓடும்போது சூடு விடும், அதனால ஹீட்டர் செட்டிங்க கொறச்சு வைங்க, இல்லன்னா தெரியாமலே 22, 23க்கு போயிடும். ஜன்னல தொறந்து வச்சுக்கிட்டு இத ஓட்டறவங்களும் இருக்காங்க, ஊர்ல இருக்கற காத்தயெல்லாம் காய வைக்கப் போறாங்களாம்.

கேள்வி: ரெண்டு மீட்டர் வச்சிருக்கேன், ஒண்ணு 48 சொல்லுது, ஒண்ணு 63. எத நம்பறது?

பதில்: ரெண்டையும் நம்பாதீங்க, உப்ப நம்புங்க. ஒரு பாட்டில் மூடியில சாதா உப்ப போட்டு சில சொட்டு தண்ணி விட்டு ஈர மணல் மாதிரி பண்ணுங்க, உப்பு முழுசா கரையக் கூடாது. அதையும் ரெண்டு மீட்டரையும் காத்து போகாத ஒரு டப்பாவுல வச்சு மூடி, 20, 25 டிகிரி இருக்கற அறையில ஒரு ராத்திரி விடுங்க, மீட்டர் மேல உப்பு படாம. உள்ள ஈரப்பதம் 75%ல வந்து நிக்கும். காலைல மூடியத் தொறக்காம படிங்க. ஒண்ணு 68 காட்டுனா அது 7 கம்மியா சொல்ற மீட்டர், ஒரு துண்டு பேப்பர்ல +7னு எழுதி முதுகுல ஒட்டிடுங்க. நான் ஒரு சீசன் முழுக்க 52, 52ன்னு சந்தோஷமா எழுதி வச்சுக்கிட்டிருந்தேன், உப்பு வச்சு பாத்தா அது 14 கம்மியா காட்டற மீட்டர், நெஜத்துல 66ல ஓட்டிக்கிட்டிருந்திருக்கேன். பூஞ்ச ஏன் வந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது. மாட்டற எடமும் முக்கியம், தோல் தொங்கற உயரத்துல, தோல்கள் நடுவுல மாட்டுங்க, கதவுப் பக்கத்துலயோ ஹீட்டர் மேலயோ இல்ல.

கேள்வி: ஃபேன தோல பாத்து நேரா வைக்கலாமா? சீக்கிரம் காயுமே.

பதில்: வேணாம். ஃபேன் பாக்கற பக்கம் வெறச்சு ஓரம் சுருளும், பின்பக்கம் பச்சையா இருக்கும். செவுத்த பாத்தோ கூரைய பாத்தோ திருப்பி வைங்க, அடிச்சுத் திரும்பற காத்து போதும். ஒரு மெல்லிசு பேப்பர் துண்ட தோல் பக்கத்துல தொங்க விடுங்க, லேசா ஆடணும், படபடன்னு அடிக்கக் கூடாது. ஒரே ஒரு விதிவிலக்கு, தண்ணியில நனஞ்சு வர்ற பீவர், மிங்க், மஸ்க்ராட். அத உரிக்கறதுக்கு முன்னாடியே உதறி, சீவி, ஃபேன் முன்னாடி தொங்க விட்டு முடிய காய வச்சுடணும். நனஞ்ச முடியோட ஷெட்டுக்குள்ள ஏத்துனா அத்தன தண்ணியும் ஷெட் காத்துக்குத்தான். கையுறை போட்டுக்கிட்டு வேல செய்யுங்க, மஸ்க்ராட், பீவர், முயல் மூலமா டுலரீமியான்னு ஒரு காய்ச்சல் வரும்.

கேள்வி: நரித்தோல எப்ப திருப்பறது? ஒருத்தர் 12 மணி நேரம்ங்கறார், ஒருத்தர் 24ங்கறார். நான் 24 வச்சேன், திருப்பும்போது முன்னங்கால் கிட்ட கிழிஞ்சுடுச்சு.
— நரி வாங்கி நொந்தவர்

பதில்: ரெண்டு பேரும் அவங்கவங்க ஷெட்ட சொல்றாங்க. நரி, கயோட்டி மாதிரி முடிப்பக்கம் வெளிய தெரியற மாதிரி விக்கற தோல மொதல்ல தோல்பக்கம் வெளிய இருக்கற மாதிரி பலகையில ஏத்தி, மேல் ஈரம் போனதும் திருப்பி முடிப்பக்கம் வெளிய கொண்டு வரணும், இது தெரிஞ்சதுதான். ஆனா எப்பங்கறத கடிகாரம் சொல்லாது. வறண்ட ஷெட்டுல 8 மணி நேரத்துலயே நேரம் வந்துடும், 65% ஷெட்டுல ஒரு நாளுக்கு மேலயும் ஆகும். வெரல வச்சு அழுத்துங்க, தோல் வெரல்ல ஒட்டணும் ஆனா ஈரம் வெரலுக்கு வரக் கூடாது, மடக்குனா மடங்கணும். காதும் ஒதடும் காலும் மெல்லிசு, அதுதான் மொதல்ல வெறைக்கும், அதனால நடு முதுகு மட்டும் தொட்டு பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. லேட் ஆயிடுச்சுன்னா பலவந்தமா இழுக்காதீங்க, வெறச்ச எடத்துல மட்டும் ஈரத் துணிய அரை மணி நேரம் போட்டு எளக விட்டு அப்புறம் திருப்புங்க. திருப்புனதுக்கு அப்புறம் தோல்பக்கம் உள்ள போயிடுது, காத்து அங்க கஷ்டப்பட்டுத்தான் போகும், அதனால வயித்துப் பக்கம் மெல்லிசா ஒரு குச்சிப் பட்டைய பலகைக்கும் தோலுக்கும் நடுவுல சொருகி வைங்க, காத்துக்கும் வழி, காஞ்சு சுருங்குன பிறகு தோல பலகையில இருந்து கழட்டவும் வழி.

கேள்வி: ஃப்ரீஸர்ல இருந்து எடுத்த தோல நேரா ஷெட்டுல மாட்டுனா வேர்க்குது.

பதில்: 16 டிகிரி 60% ஷெட்டுல 8 டிகிரிக்கு கீழ குளிரா இருக்கற எது மேலயும் பனி எறங்கும். பையோட வெளிய வைங்க, பை மேல வேர்க்கட்டும், உள்ள உறைஞ்சது முழுசா எளகி தொட்டா ஜில்லுன்னு இல்லாம போன பிறகு பிரிங்க. அதுக்காக நாள் முழுக்க சூடான எடத்துல மறந்து வச்சுடாதீங்க.

கேள்வி: மூணாம் நாள் தோல்பக்கம் பச்சையா பூஞ்ச. தூக்கிப் போடவா?

பதில்: பூஞ்ச மேலோட்டமா இருந்து, அந்த எடத்துல முடிய இழுத்தா வரலன்னா பொழச்சுக்கும். மூக்க துணியால கட்டிக்கிட்டு, வினிகர்ல நனச்சு நல்லா பிழிஞ்ச துணியால துடைச்சு, ஷெட்டுக்கு வெளிய காத்தாட கொஞ்ச நேரம் வச்சுட்டு திரும்ப மாட்டுங்க. அதோட பூஞ்ச எங்க வந்துச்சுன்னு பாருங்க, அதுதான் முக்கியம். ரெண்டு தோல் ஒண்ண ஒண்ணு தொட்ட எடமா, செவுத்த ஒட்டுன பக்கமா, ஷெட் மூலையா? காத்து எங்க போகலன்னு பூஞ்ச படம் போட்டு காட்டுது. தோலுக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு கை அகலமாவது விடுங்க.

கேள்வி: எங்க மாமா உப்பு தடவுனா எந்த மீட்டரும் வேணாம்ங்கறாரு.

பதில்: மாமா சொல்றது வீட்டுலயே பதனிடப் போற தோலுக்கு, பாடம் பண்ற தோலுக்கு சரி. பச்சையா காய வச்சு விக்கற ஃபருக்கு உப்பு போடக் கூடாது, வாங்கறவங்களும் கழிச்சு கட்டுவாங்க. அதோட மேல உப்பு டெஸ்ட் சொன்னேன்ல, ஈரப்பதம் 75 தாண்டுனா உப்பு காத்துல இருக்கற தண்ணிய தானே இழுத்து கரைய ஆரம்பிக்கும். ஈரமான ஷெட்டுல உப்புத்தோல் காயாது, சொட்டும். மாமாவுக்கும் மீட்டர் வேணும்.

கேள்வி: காஞ்சிடுச்சுன்னு எப்படி கண்டுபுடிக்கறது? தட்டி பாத்தா சத்தம் வருது, ஆனா கழட்டுனா ரெண்டு நாள்ல சுருங்கிடுது.
— அவசரக்காரி

பதில்: சத்தம் நடு முதுகுல வரும், ஈரம் ஒதட்டுல இருக்கும். காது அடி, ஒதடு, அக்குள், வால் அடி, இந்த நாலு எடமும் வெறப்பா இருந்தாத்தான் கழட்டணும். எனக்கு புடிச்ச வழி தராசு. ஒவ்வொரு பேட்ச்லயும் பெருசா இருக்கற ஒரு தோல பலகையோட தினமும் ஒரே நேரத்துல எடை போடுங்க, பென்சில்ல பலகை மேலயே எழுதுங்க. மொத ரெண்டு நாள் மளமளன்னு எறங்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, அப்புறம் ரெண்டு நாள் தொடர்ந்து அதே எடை காட்டும், அப்பதான் முடிஞ்சுது. ஈரப்பதம் 75ல மாட்டிக்கிட்ட ஷெட்டா இருந்தா எடை நிக்கும் ஆனா தோல் இன்னும் எளசா இருக்கும், அதனால மீட்டரையும் சேத்து பாருங்க. மஸ்க்ராட் மாதிரி சின்னது ரெண்டு மூணு நாள்லயும், ரக்கூன், பீவர் மாதிரி தடிச்சது அஞ்சாறு நாள்லயும் பொதுவா முடியும். ஒரே நாள்ல முடிஞ்சா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. கழட்டுன பிறகு பிளாஸ்டிக் கவர்ல மூடி வைக்காதீங்க, மிச்ச ஈரம் உள்ளயே வேர்த்து பூஞ்ச புடிக்கும், தோல தின்ற வண்டும் வரும். குளிர்ச்சியா, இருட்டா, காத்து ஓடற எடத்துல தொங்க விடுங்க.

கேள்வி: இவ்ளோ கணக்கு எதுக்கு சார்? எங்க தாத்தா மரக் கொட்டாய்ல தொங்க விட்டு அம்பது வருஷம் தோல் காய வச்சாரு. மீட்டரும் இல்ல, ஹீட்டரும் இல்ல, ஒண்ணும் கெட்டுப் போகல.
— பழைய ஆளு

பதில்: நம்பறேன். தாத்தா குளிர் காலத்துல மட்டும் வேல பண்ணியிருப்பாரு, கொட்டாய் பலகைக்கு பலகை வெரல் நுழையற சந்து இருந்திருக்கும், ராத்திரி பகலா காத்து தானா மாறிக்கிட்டே இருந்திருக்கும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தோலுக்கு மேல ஏத்தியிருக்க மாட்டாரு. அவருக்கு மீட்டர் தேவப்படல, கொட்டாயே அந்த வேலைய பண்ணிடுச்சு. நாம தெர்மாகோல் அடிச்சு, சந்து எல்லாம் ஃபோம் வச்சு அடச்சு, உள்ள ஹீட்டர் போட்டு, ஒரே நாள்ல 12 மாட்டறோம். அந்த கொட்டாய் இன்னும் நிக்குதுன்னா ஒரு மீட்டர அங்க ஒரு வாரம் தொங்க விட்டு காலைல சாயங்காலம் என்ன காட்டுதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடறேன்.